மங்கிய ஒளியில் வேகமானி

சாலையில் விதிக்கப்படும் வேக வரம்பு ஒவ்வொன்றும் ஓர் எதிர்பார்ப்பின் மீது நிற்கிறது. வாகனத்தை ஓட்டுபவர் தாம் எவ்வளவு வேகத்தில் செல்கிறோம் என்பதை அறிந்திருப்பார் என்பதே அவ்வெதிர்பார்ப்பு. பகலில் இது எளிது. ஓட்டுநரின் முன்னுள்ள வேகமானியை ஒருமுறை பார்த்தால் போதும். பொழுது சாய்ந்தபின் நிலைமை வேறு. வேகமானியின் எண்களும் முள்ளும் தெரியவேண்டுமாயின் அதன் பின்னுள்ள சிறு விளக்கு எரியவேண்டும். மேலே மூடியுள்ள கண்ணாடி தெளிவாக இருக்கவேண்டும். ஓட்டுநரின் கண்ணும் அருகிலுள்ளதைப் பார்க்கும் திறன் பெற்றிருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேக வரம்பு என்பது சாலையோரப் பலகையில் எழுதப்பட்ட எண்ணாகவே நின்றுவிடுகிறது.

இது சிறு குறையெனத் தோன்றலாம். நாட்டின் சாலை விபத்துக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதன் முக்கியத்துவம் விளங்கும். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். உயிரிழப்புகளில் 71 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மிகை வேகத்தின் கணக்கில் பதிவாயின. நாளின் நேரப் பிரிவுகளுள் மாலை 6 மணி முதல் 9 மணி வரையுள்ள மூன்று மணி நேரத்திலேயே விபத்துக்கள் மிகுதி. மொத்த விபத்துக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவ்வேளையில் நிகழ்கிறது. அந்தி நேர விபத்துக்களுக்குப் போக்குவரத்து நெரிசல், களைப்பு, மது, பாதசாரிகள் கண்ணுக்குப் புலப்படாமை எனக் காரணங்கள் பல உண்டு. வேகமானி தெரியாமையால் மட்டும் நிகழ்ந்தவை இத்தனை என்று தனியே பிரித்துக் கூறுவதற்கில்லை. ஆயினும் வேகத்தைக் கட்டுப்படுத்த முனையும் எந்த முயற்சியும், வேகத்தை அறியும் கருவியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதில் ஐயமில்லை.

கண்ணின் கணிப்பு

அனுபவமுள்ள ஓட்டுநர் வேகமானியைப் பாராமலே வேகத்தை உணர்வார் என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை ஓரளவுக்கே உண்மை. சாலையோர மரங்களும் கற்களும் பின்னோக்கி விரையும் காட்சி, எஞ்சினின் ஓசை, காற்றின் இரைச்சல், வண்டியின் அதிர்வு ஆகியவற்றைக் கொண்டே மனிதர் வேகத்தைக் கணிக்கின்றனர். இருட்டில் ஓரக் காட்சிகள் மறைந்துவிடுகின்றன. முகவிளக்கின் ஒளி படும் சிறு பரப்பே எஞ்சுகிறது. புதிய வாகனங்களில் ஓசையும் அதிர்வும் குறைந்துவிட்டமையால் காதும் உடலும் தரும் செய்திகளும் குறைந்துவிட்டன.

மூடுபனியில் கண்ணின் கணிப்பு எவ்வாறு மாறுகிறது என்பது பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. காட்சியின் தெளிவு குறையும்போது ஓட்டுநர் தம் வேகத்தை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட்டு, தம்மையறியாமல் விரைந்து ஓட்டுகின்றனர் என்று 1998இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. தொலைவு கூடக்கூடப் பனியின் அடர்த்தியும் கூடுமாறு உண்மைப் பனியை ஒத்த காட்சியை அமைத்து 2012இல் வெளியிடப்பட்ட வேறோர் ஆய்வோ, வேகம் மிகையாகவே உணரப்படுகிறது என்று கண்டது. முடிவுகள் மாறுபட்டாலும் இரண்டும் ஒன்றை உறுதிப்படுத்துகின்றன: காட்சி மங்கும்போது கண்ணின் கணிப்பு பிழைபடுகிறது.

நெடுந்தொலைவு விரைந்து வந்த ஓட்டுநருக்கு இன்னுமொரு தடுமாற்றம் நேர்கிறது. ஒரு மணி நேரம் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் ஊர் எல்லையில் வேகத்தைக் குறைக்கும்போது, 60 கிலோமீட்டர் வேகமே மிக மெதுவாகத் தோன்றும். புலன்கள் உயர்ந்த வேகத்திற்குப் பழகிவிட்டமையே இதற்குக் காரணம். வேகமானி ஒன்றே இம்மயக்கத்திற்கு உட்படாதது. நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2014இல் 91,287 கிலோமீட்டராக இருந்து, 2023இல் 1,46,000 கிலோமீட்டரைக் கடந்தது. அகன்ற சாலைகளிலிருந்து குறுகிய ஊர்ச் சாலைகளுக்குள் நுழையும் தருணங்களும் அந்த அளவுக்குப் பெருகியுள்ளன.

உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீள யமுனை விரைவுச் சாலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2012இல் திறக்கப்பட்ட இச்சாலையில், மூடுபனி கவியும் குளிர்காலத்தில் கார்களுக்குரிய வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75ஆகக் குறைக்கப்பட்டு வந்துள்ளது. பனி மூடிய விடியற்காலையில் 75க்கும் 100க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் உணர்ந்து ஓட்டுதல் அரிது. அவ்வேறுபாட்டின் விளைவோ பெரிது. வாகனத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், 75 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆற்றல் 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டியை நிறுத்தும்போது பிரேக் தணிக்கவேண்டிய ஆற்றல் இதுவே.

கருவி இயங்கும் முறை

ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட வேகமானியே இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் வழங்கிவந்தது. இந்தியச் சாலைகளில் இன்றும் ஓடும் பழைய வாகனங்கள் பலவற்றில் இவ்வகைக் கருவியைக் காணலாம். கியர் பெட்டியிலிருந்தோ, இருசக்கர வாகனமாயின் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்தோ, வளையும் தன்மையுள்ள கேபிள் ஒன்று வேகமானிக்கு வருகிறது. சக்கரம் சுழலும்போது உறையினுள் இருக்கும் கம்பியும் சுழன்று, வேகமானியினுள் உள்ள ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதனைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும். காந்தப்புலம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை கிண்ணத்தைக் காந்தத்தின் திசையில் இழுக்கின்றன. மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தை எதிர்த்திசையில் பிடித்து நிறுத்துகிறது. காந்தம் விரைவாகச் சுழலச் சுழல இழுவிசை மிகுந்து கிண்ணம் கூடுதலாகத் திரும்புகிறது. கிண்ணத்தின் அச்சில் பொருத்திய முள் முகப்பிலுள்ள எண்களின்மீது நகர்கிறது. இழுவிசை வேகத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், முகப்பில் எண்களைச் சம இடைவெளியில் பொறிக்க இயலுகிறது.

இக்கருவிக்கு மின்சாரம் தேவையில்லை. பாட்டரி முற்றிலும் இறங்கிப்போனாலும் முள் சரியாகவே நகரும். இருட்டில் அதனைப் பார்ப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும். கருவி பழுதில்லாமல் இயங்கும்போதே பயனற்றுப்போகும் நிலை இவ்வாறு உண்டாகிறது. கேபிளில் மசகு வற்றினால் முள் நடுங்கத் தொடங்கும். பகலில் ஆடும் முள்ளின் நடுப்புள்ளியைக் கண் ஒருவாறு கணித்துக்கொள்ளும். மங்கிய ஒளியில் அதுவும் கைகூடாது.

புதிய வாகனங்களில் சக்கரத்திலோ கியர் பெட்டியிலோ உள்ள உணர்கருவி மின் துடிப்புகளை அனுப்ப, அவற்றை எண்ணி வேகத்தைக் காட்டும் மின்னணு அமைப்பு வந்துவிட்டது. இவற்றில் ஒளியும் கருவியின் ஓர் அங்கமாகவே உள்ளது.

கண்ணில் நிகழ்வது

விழித்திரையில் கூம்பு செல்கள், கோல் செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. நிறத்தையும் நுண்ணிய விவரங்களையும் காண உதவுபவை கூம்பு செல்கள். அவற்றிற்குப் போதிய ஒளி வேண்டும். கோல் செல்கள் மிகக் குறைந்த ஒளியிலும் இயங்குவன; ஆனால் எழுத்தையும் எண்ணையும் படிக்கத்தக்க கூர்மை அவற்றிற்கு இல்லை. நாம் நேராக உற்றுநோக்கும்போது பிம்பம் விழும் விழித்திரையின் நடுக்குழியில் கோல் செல்களே இல்லை. ஆகவே வேகமானியின் எண்ணைப் படிக்கும் பணி கூம்பு செல்களையே சாரும். முகப்பின் ஒளி அவற்றிற்குரிய அளவைவிடக் குறையுமானால், எவ்வளவு உற்றுநோக்கினும் எண் துலங்காது.

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வரும் கண் முழுமையாகப் பழகுவதற்கு அரைமணி நேரம் வரை ஆகும். நெடுஞ்சாலையில் செல்பவருக்கு அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை. எதிரே வரும் லாரியின் முகவிளக்கு ஒருமுறை கண்ணில் அடித்தால் அப்பழக்கம் கலைந்துவிடுகிறது. அதனையடுத்த சில வினாடிகளில் சாலையும் மங்கலாகத் தெரியும். வேகமானியும் மங்கலாகத் தெரியும்.

வயது மற்றொரு காரணம். நாற்பதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்து தோன்றி, அருகிலுள்ள பொருள்மீது கண்ணைக் குவிக்கும் ஆற்றல் குறைகிறது. பகல் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கியிருப்பதால் இக்குறை ஓரளவு மறைந்திருக்கும். இருட்டில் கண்மணி விரியும்போது குறை வெளிப்பட்டு, முகப்பிலுள்ள எண்கள் கலங்கித் தெரியும். அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைப் பிழையின்றிப் படிக்கும் ஓட்டுநர் ஒருவர், கைக்கெட்டும் தொலைவிலுள்ள வேகமானியைப் படிக்க இயலாமல் இருப்பது இதனாலேயே.

படிப்பதற்குக் கூடுதலாகும் நேரமே இங்கு ஆபத்தாகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. முள் எங்கு நிற்கிறது என்று தேட ஒரு வினாடி கூடுதலாகச் செலவிட்டால், ஏறத்தாழ இரண்டு பேருந்துகளின் நீளத்தைச் சாலையைப் பாராமலே வாகனம் கடந்துவிடும். இதனை உணர்ந்த ஓட்டுநர் பலர் இரவில் வேகமானியைப் பார்ப்பதையே விட்டுவிடுகின்றனர். சாலையின்மீது கண் வைத்திருக்கும் எச்சரிக்கையே வேகத்தை அறியாமல் ஓட்டும் நிலைக்கு அவர்களை இட்டுச் செல்கிறது.

விளக்கு மங்குவதேன்?

பழைய வாகனங்களின் வேகமானியில் எரிவது மிகச் சிறிய இழை பல்பு. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைப் பொறுத்து மிகக் கூர்மையாக மாறும் இயல்புடையது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். 12 வோல்ட் அமைப்புள்ள வண்டியில், துருவேறிய பல்பு பிடிப்பானிலோ தளர்ந்த எர்த் இணைப்பிலோ 1.2 வோல்ட் வீணானாலே இந்நிலை உண்டாகும். பாட்டரியின்றி, எஞ்சினின் காந்த மின்னாக்கியிலிருந்து நேரே விளக்கெரித்த பழைய ஸ்கூட்டர்களில் எஞ்சின் வேகம் தணியும்போதெல்லாம் விளக்கும் மங்கியது.

விளக்கு நன்றாக எரிந்தாலும் தடைகள் உண்டு. வெயிலில் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் முகப்பு மூடி மஞ்சளித்து மங்குகிறது. தூசு படிந்த கைத்துணியால் துடைக்கப்படும்போது கீறல் விழுகிறது. மழைக்காலத்தில் உள்ளே புகுந்த ஈரம் மூடியின் உட்புறத்தில் ஆவியாய்ப் படிகிறது. முள்ளின் செந்நிறச் சாயமும் நாளடைவில் வெளிறிவிடுகிறது.

அந்தி வேளைக்கென்று தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. வழக்கமாக வேகமானி விளக்கு, வண்டியின் பக்க விளக்குகளோடு ஒரே சுவிட்சில் இணைக்கப்பட்டிருக்கும். சாலை இன்னும் தெரிகிறது என்று எண்ணி ஓட்டுநர் விளக்கைப் போடாதிருக்கும் அரைமணி நேரத்தில், முகப்புப் பலகையின் குழிவான நிழலுக்குள் இருக்கும் வேகமானி முன்னதாகவே இருண்டுவிடுகிறது. எப்போதும் ஒளிரும் திரையுள்ள புதிய கார்களில் இதற்கு நேர்மாறான பிழை நேர்கிறது. திரை பளிச்சென்று தெரிவதால் வெளிவிளக்குகளும் எரிகின்றன என்று மயங்கி, விளக்கின்றியே சிலர் செல்கின்றனர். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில், எஞ்சின் இயங்கும்போதெல்லாம் முகவிளக்கு தானே எரியும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதனால் அவ்வகை வாகனங்களில் சுவிட்சைப் போட மறக்கும் பிழைக்கு இடமில்லாது போயிற்று.

ஒளியும் நிறமும்

இருளில் கருவி முகப்பைத் தெரியச் செய்யும் முயற்சி நெடுநாளையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடிகாரங்களுக்கும் விமானக் கருவிகளுக்கும் ரேடியம் கலந்த ஒளிர்பூச்சு இடப்பட்டது. அமெரிக்கத் தொழிற்கூடங்களில் அப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள் பலர் தூரிகையை உதட்டால் கூர்மையாக்கியதால் கதிரியக்க நஞ்சுக்கு ஆளாகி 1920களில் உயிரிழந்தனர். நாளடைவில் அப்பூச்சு கைவிடப்பட்டது. இன்று நம் நாட்டில் வண்டிகளில் ஒட்டப்படும் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்பது பிறர் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளே. அதில் ரேடியம் இல்லை. தானாக ஒளிராத அத்தாள், முகவிளக்கின் ஒளி படாத வேகமானி முகப்பிற்குப் பயன்படாது.

முகப்பு ஒளியின் நிறத்திலும் கவனம் வேண்டும். கோல் செல்கள் செந்நிறத்திற்கு ஏறத்தாழ உணர்வற்றவை. ஆதலால் செவ்வொளியில் கருவியைப் பார்ப்பவருக்கு இருளுக்குப் பழகிய பார்வை கெடுவதில்லை. எனினும் செவ்வொளியைக் குவிக்கக் கண் கூடுதலாக முயலவேண்டியிருப்பதால் வெள்ளெழுத்துள்ளவருக்கு அது தொல்லை தரும். கருநிறப் பின்னணியில் பெரிய வெண்ணிற எண்கள், அவற்றினின்று தெளிவாக வேறுபடும் நிறத்தில் முள், ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு ஆகியவை அமைந்த முகப்பு எல்லா வயதினருக்கும் ஏற்றது. அளவுக்கு மிஞ்சிய ஒளியும் தீதே. அது முன்கண்ணாடியில் எதிரொளித்துச் சாலையை மறைக்கும்.

இலக்கமாகவே வேகத்தைக் காட்டும் திரை துல்லியமானது. முள்ளோ, எண்ணைப் படிக்காமலே அதன் சாய்வைக் கொண்டு நிலையை உணர்த்தவல்லது. மங்கிய ஒளியில் இவ்வியல்பு பெரிதும் உதவுகிறது.

சட்டமும் சோதனையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வேக வரம்பை மீறி ஓட்டுவதைத் தடை செய்கிறது. 183ஆம் பிரிவு அதற்குரிய தண்டனையைக் கூறுகிறது; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இலகுரக வாகனத்திற்கு ரூ. 1,000 முதல் ரூ. 2,000 வரை அபராதம் விதிக்கலாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117ஆம் விதி, வாகனத்தின் வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் வகையில் வேகமானி பொருத்தப்படவேண்டும் என்று பணிக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39ஆம் எண் ஒழுங்குவிதி இதனை இன்னும் விளக்கமாகக் கூறுகிறது. வேகமானி ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் அமைந்து, பகலிலும் இரவிலும் தெளிவாகப் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதும், உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது என்பதும் அதன் நிபந்தனைகள்.

வேகமானியைப் பார்க்காதவரையும் எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலி எழும். இது நல்லதோர் ஏற்பாடு. ஆயினும் 40 கிலோமீட்டர் வரம்புள்ள பள்ளிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை அது எச்சரிக்காது. அங்கு வேகமானியே துணை.

சோதனை முறையில்தான் பெரிய இடைவெளி உள்ளது. வாடகை வாகனங்களும் சரக்கு வாகனங்களும் குறித்த காலத்தில் தகுதிச் சான்று பெறவேண்டும். அச்சோதனைப் பட்டியலில் முகப்புப் பலகைக் கருவிகளும் வேகமானியும் இடம்பெறுகின்றன. சோதனை பட்டப்பகலில் திறந்த வெளியில் நிகழுமாயின், வேகமானி விளக்கு எரிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சொந்த உபயோகத்திற்கான கார், இருசக்கர வாகனம் ஆகியவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாவதால், அதுவரை அவை தகுதிச் சோதனைக்கு வரவேண்டிய தேவையே எழுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் அணைந்துபோன விளக்கைக் கவனிக்கவேண்டிய பொறுப்பு உரிமையாளரையே சார்ந்தது.

செய்யத்தக்கவை

இக்குறையைக் களையப் பெருஞ்செலவு தேவையில்லை. தகுதிச் சோதனையின்போது வாகனத்தை நிழலான கொட்டகைக்குள் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, விளக்கைப் போட்டு வேகமானியைப் படித்துப் பார்த்தல் ஆய்வாளருக்குச் சில நொடி வேலையே. இரவுப் பேருந்துகள் புறப்படும் பணிமனைகளில் பிரேக், டயர், முகவிளக்கு ஆகியவற்றோடு வேகமானி விளக்கையும் அன்றாடச் சரிபார்ப்பில் சேர்க்கலாம். ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனையில் தொலைப்பார்வையும் மாலைக்கண்ணும் கவனிக்கப்படுவதுபோல, முகப்புப் பலகைத் தொலைவிலுள்ள எழுத்தை மங்கிய ஒளியில் படிக்கும் திறனையும் சோதிப்பது நலம். நாற்பதைக் கடந்த ஓட்டுநர்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

ஓட்டுநரும் செய்யத்தக்கவை உண்டு. சூரியன் மறைந்தவுடன் விளக்கைப் போடுதல், முகப்பு மூடியை மெல்லிய ஈரத்துணியால் துடைத்தல், மங்கிய பல்பை அணையும்வரை காத்திராமல் மாற்றுதல், எர்த் இணைப்பைப் பணிமனையில் சரிபார்க்கச் சொல்லுதல் ஆகியன எளிய பழக்கங்கள்.

விபத்தைத் தடுக்கச் சாலைகளை அகலப்படுத்துகிறோம், வளைவுகளைச் சீர்செய்கிறோம், வேகத்தைக் கண்காணிக்கக் கேமராக்களை நிறுவுகிறோம். அக்கேமராக்கள் வாகனத்தின் வேகத்தை நள்ளிரவிலும் பிழையின்றிப் படிக்கின்றன. தண்டிக்கும் அதிகாரிக்குத் தெரியும் அந்த எண், ஓட்டுபவருக்கு அதற்கு முன்னரே தெரிந்திருக்கவேண்டும். விலை மலிவான ஒரு சிறு பல்பும் சுத்தமான ஒரு கண்ணாடியும் அதனை உறுதி செய்யும்.